லா சப்பலின் குளிர்கால அடுப்புகள்

பாரிஸ் நகரின் பத்தாம், பதினெட்டாம் வட்டாரங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், கார் து நோர் தொடருந்து நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் சில தெருக்களையே தமிழர்கள் லா சப்பல் என்கிறார்கள். மேம்பாலத்தின் மேல் ஓடும் இரண்டாம் இலக்க மெற்றோவின் லா சப்பல் நிறுத்தம் 1903 ஜனவரி 31இல் திறக்கப்பட்டது. அதன் படிகளால் இறங்கி ஃபோபூர் சான் தெனி தெருவுக்குள் நுழைந்தால் மரக்கறிக் கடை, நகைக்கடை, சேலைக்கடை, சலூன், சாப்பாட்டுக்கடை என்று காய் தெரு, பெர்தொனே தெரு வரைக்கும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொடரும். வருடத்தின் மற்ற மாதங்களில் இது சந்தை. டிசம்பர் நடுப்பகுதி முதல் தைப்பொங்கல் வரை இதுவே வெளியூர்களிலிருந்து வந்த சொந்தபந்தம் கூடும் முற்றம். அந்த முற்றத்துக்கு வயிறு நிறையப் போடுபவர்கள் கடைகளின் பின்கட்டில் நிற்கும் குசினித் தொழிலாளர்கள். லா சப்பலைப் பற்றிய எழுத்துகளில் தேர்த்திருவிழாவும் நகைக்கடைகளும் வந்த அளவுக்கு இவர்களுடைய கைவேலை வரவில்லை.

இந்தத் தெருக்களில் தமிழ்க் கடைகள் முளைத்தது 1980களில். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த இளைஞர்கள், ஒஃப்ப்ரா என்ற அகதிகள் பணிமனையில் வழக்குப் பதிந்துவிட்டு, கிடைத்த அறையில் பலபேராகத் தங்கி, பிரெஞ்சு உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். மொழி தெரியாதவருக்குச் சட்டென்று கிடைத்த வேலை அதுதான். கோப்பை கழுவியவர் பிறகு மரக்கறி வெட்டினார், அதற்குப் பிறகு அடுப்படிக்கு வந்தார். பிரெஞ்சுச் சமையலை இப்படி நின்றநிலையில் கற்றவர்களில் சிலர் பின்னர் லா சப்பலில் தங்கள் சொந்தக் கடையைத் திறந்தார்கள். அவர்களுக்கு முன்பே புதுச்சேரித் தமிழர்கள் பிரான்சில் இருந்தனர். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்த குடும்பங்கள் அவை. தேர்த்திருவிழா நடத்தும் மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மெற்றோ நிறுத்தத்தின் அருகிலுள்ள பூஃப் து நோர் அரங்கில் பீற்றர் புரூக் தன் மகாபாரதத்தை மேடையேற்றினார். குருசேத்திரம் பிரெஞ்சு மொழியில் நடந்துகொண்டிருந்த நாட்களில், அதே வட்டாரத்தில் ஒரு போரைத் தப்பி வந்தவர்கள் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

பாரிஸின் குளிர் கனடாவின் குளிரைப் போலக் கொடியதல்ல. டிசம்பர், ஜனவரியில் பகலில் ஏழெட்டுப் பாகை, இரவில் மூன்று பாகை அளவில் நிற்கும். பனி கொட்டுவது அரிது. சோர வைப்பது இருட்டும் ஈரமும்தான். டிசம்பர் கடைசியில் காலை எட்டே முக்கால் ஆகும்போதுதான் சூரியன் எழும், மாலை ஐந்து மணியளவில் மறைந்துவிடும். வசதியுள்ள கனடியர்கள் இந்த மாதங்களில் மெக்சிகோவின் புவேர்த்தோ வல்யார்த்தா போன்ற கடற்கரை ஊர்களுக்குப் போய், இருபத்தேழு இருபத்தெட்டுப் பாகை வெயிலில் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வதும் உண்டு. தமிழ்க் குடும்பங்களின் போக்கு பெரும்பாலும் வேறு. வெயிலைத் தேடிப் போவதைவிட, தமக்கை எங்கே இருக்கிறாளோ அங்கே போவதுதான் அவர்களுக்கு விடுமுறை. ரொறன்ரோவிலிருந்து ஒரு குளிரை விட்டு இன்னொரு குளிருக்கு வந்து, இரண்டு அறை வீட்டில் பத்துப்பேராய்ப் படுத்தெழும்புவதில் அவர்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

லண்டனிலிருந்து வருவது எளிது. 1994 நவம்பர் 14இல் ஓடத் தொடங்கிய யூரோஸ்ரார் தொடருந்தில் இப்போது இரண்டேகால் மணி நேரச் சொச்சத்தில் கார் து நோரில் இறங்கலாம். அங்கிருந்து லா சப்பல் நடந்து போகும் தூரம். நிலையத்தில் இறங்கியவர்கள் தமக்கை வீட்டுக்குப் போகுமுன், பயணப்பெட்டியை இழுத்துக்கொண்டே லா சப்பலுக்கு வந்து ஒரு ரோல்ஸும் தேத்தண்ணியும் முடித்துவிடுவது வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ அம்மாவைக் கூப்பிடுவதுதான் பாடு. அழைப்பவர் தன் ஊர் நகரசபைக்குப் போய், வருமானத்தையும் வீட்டின் அளவையும் காட்டி, முப்பது யூரோ முத்திரை கொடுத்து வரவேற்புச் சான்றிதழ் எடுக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். எல்லாம் சரியாகி விசா கிடைத்தால் அதிகபட்சம் தொண்ணூறு நாள். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு வாரம் பூட்டும் நத்தாரையும் பொங்கலையும் அந்தத் தொண்ணூறு நாளுக்குள் அடக்கப் பார்ப்பதால், அம்மம்மாக்களின் வருகை குளிர்காலத்தில் விழுந்துவிடுகிறது.

வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வரும் குடும்பங்கள் அதிகம் கேட்பது கொத்துரொட்டி. அந்த வேலை முந்தின நாளே தொடங்குகிறது. கோதுமை மாவில் உப்பும் எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் குழைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் பூசி ஊறவிடுவார்கள். பிரான்சில் மாப் பைகளில் 45, 55, 65 என்று எண் அச்சிட்டிருக்கும். அந்த எண் மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவைக் குறிப்பது. மா எவ்வளவு இழுபடும் என்பதை அது சொல்லாது. ரொட்டிக்கு வேண்டியதோ இழுவைதான். ஆகவே பையை மாற்றும்போதெல்லாம் ஒரு சிறு உருண்டையை விரலால் இழுத்துப் பார்த்தே தண்ணீரின் அளவை முடிவுசெய்கிறார்கள். குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை சேரும். இரவில் சூடாக்கி நிறுத்தப்பட்ட குசினியில் உருண்டைகள் விறைத்துவிடும். காலையில் வந்து வீசினால் கிழியும். இதற்காக மாவை வெந்நீரில் குழைப்பவர்கள் உண்டு, உருண்டைத் தட்டுகளைக் குளிர்பெட்டியின் மோட்டருக்கு மேலே, இளஞ்சூடு வரும் இடத்தில் அடுக்குபவர்களும் உண்டு.

வீசும்போது பார்க்க வேண்டியது வலது கையை அல்ல, இடது கையை. வலது கை மாவைத் தூக்கி எறிகிறது. இடது உள்ளங்கைதான் அது விரிந்து திரும்பும் வேகத்துக்கு இசைந்து பின்வாங்கிக் கொடுக்கிறது. நாலைந்து வீச்சில் உருண்டை மேசையின் அகலத்துக்கு விரிந்து, கீழே இருக்கும் எஃகின் பளபளப்பு அதனூடாகத் தெரியும். மடித்துக் கல்லில் போட்டு இருபுறமும் வாட்டி எடுத்து அடுக்கிவைப்பார்கள். கொத்து வேண்டும் என்று சீட்டு வந்ததும் கல்லில் எண்ணெய் விட்டு வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, லீக்ஸ் போட்டு வதக்கி, முட்டை உடைத்து ஊற்றி, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, இறைச்சியும் குழம்பும் சேர்த்து இரண்டு கையிலும் பிடித்த தகடுகளால் கொத்துவார்கள். லீக்ஸ் இலங்கையில் நுவரெலியாவிலிருந்து வரும் மரக்கறி. இங்கே அது பிரெஞ்சு வயல்களின் குளிர்காலப் பயிர். டிசம்பரில் மலிவாகவும் இனிப்பாகவும் கிடைப்பதால் குளிர்காலக் கொத்து கோடைக்காலக் கொத்தைவிட ருசியாக இருக்கும். இதைத் தொழிலாளர்கள் அடித்துச் சொல்கிறார்கள், சாப்பிட்டுப் பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கொத்தும் ஓசை வாடிக்கையாளரை இழுப்பதற்கு என்று சொல்வதுண்டு. அதில் உண்மை இருந்தாலும் ஓசையின் வேலை அது மட்டுமல்ல. தகடு கல்லில் படும் சத்தம் தொடக்கத்தில் மந்தமாக இருக்கும். ரொட்டி குழம்பை உறிஞ்சி, ஈரம் வற்றி, துண்டுகள் தனித்தனியாகப் பிரிந்ததும் சத்தம் கணீரென்று மாறும். அனுபவமுள்ளவர் கல்லைப் பார்க்காமலே, அடுத்த சீட்டை வாசித்துக்கொண்டே, அந்த மாற்றத்தைக் கேட்டு உப்புப் பார்க்கிறார்.

ரோல்ஸ் போடுபவர்களின் வேலை வெளியில் தெரியாது. தோசையைவிட மெல்லிதாக மாவைச் சுட்டு, உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் பிரட்டிய கறியை வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க்தூளில் புரட்டிப் பொரிக்க வேண்டும். கறியில் ஈரம் கூடினால் எண்ணெயில் வெடிக்கும். நத்தார் வாரத்தில் இதை வீட்டு விருந்துக்குப் பெட்டி பெட்டியாகக் கேட்பார்கள். பெரும்பாலும் பெண்கள் விடியப்புறமே வந்து நின்று சுருட்டுகிறார்கள். இடியப்பம் பிழிபவர்களுக்குக் குளிர் நேரடி எதிரி. கொதிநீர் விட்டுக் குழைத்த மா ஆறினால் உரலில் பிழிய முடியாது, கை மணிக்கட்டு கழன்றுவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து, ஆறுவதற்குள் பிழிந்து, தட்டுகளை நீராவிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. தோசை மா புளிக்க மறுக்கிறது. தேங்காயெண்ணெய் இருபத்துநாலு பாகைக்குக் கீழே வெள்ளையாய் உறைந்து போத்தலை விட்டு இறங்காது. யாழ்ப்பாணத்தில் வெயில் சும்மா செய்து கொடுத்த வேலைகளை இங்கே ஆள் செய்ய வேண்டும். குளிர்காலச் சமையல் கூலி அதிகம் பெற வேண்டிய சமையல், ஆனால் கூலி கோடையில் உள்ளதே.

வீட்டு அடுப்பிலும் ஒரு பருவ வேலை உண்டு. உறவினர் எல்லாரும் வந்து சேர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒடியல் கூழ் காய்ச்சுவார்கள். ஒடியல் மாவும் பலாக்கொட்டையும் லா சப்பலில் வாங்குவது. நண்டு, இறால், மீன், பயத்தங்காய், மரவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் அரிசி, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் ஒரு பெரிய பானைக்குள் போகும். ஒடியல் மாவை முன்கூட்டியே ஊறவைத்து நீரை வடித்துக் கசப்பைக் குறைத்து, கடைசியில் கரைத்து ஊற்றிக் கூழைத் தடிக்கவைப்பார்கள். இந்தப் பானைக்கு அதிகாரி ஊரிலிருந்து வந்த அம்மம்மா. பாரிஸில் பெரிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரராக இருக்கும் மருமகன்கூட அன்றைக்குப் புளி கரைத்துக் கொடுக்கும் உதவியாள்தான். பிரெஞ்சு மட்டும் தாராளமாகப் பேசும் பேரப்பிள்ளை, காரத்தில் மூக்கு ஒழுக ஒழுக இன்னொரு கோப்பை கேட்பது அந்த வீட்டுக்குப் பெரிய சந்தோசம். அம்மம்மாவுக்கும் பேரனுக்கும் இடையில் மொழி தடைப்படும் இடத்தில் கூழ் வேலை செய்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

தொழிலாளர்களின் நாள் இரண்டாகப் பிளந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு முறை, இரவுக்கு ஒரு முறை. நடுவில் மூன்று மணி நேரம் போல இடைவெளி. தொலைவிலுள்ள புறநகரில் வீடு இருப்பவருக்கு அந்த நேரத்தில் போய்வரக் கட்டாது. கோடையில் சன் மார்த்தன் கால்வாய்க் கரையில் உட்காரலாம். குளிர்காலத்தில் கடையின் நிலவறையில் மாமூட்டைகளுக்கு நடுவே கதிரையைச் சாய்த்து உறங்குகிறார்கள். பிரான்சின் பொதுச் சட்டத்தில் வாரம் 35 மணி நேரம். விடுதி, உணவகத் துறைக்கான கூட்டு ஒப்பந்தம் அதை 39 ஆக வைத்திருக்கிறது. நத்தார் வாரங்களில் வேலை அந்த வரம்புக்குள் நிற்பதில்லை. மேலதிக மணிகளைச் சம்பளச் சீட்டில் எழுதும் முதலாளியும் உண்டு, கையில் காசாய்க் கொடுத்து முடிப்பவரும் உண்டு. இரண்டாவது வழியில் தொழிலாளி இழப்பது பெரியது. கொத்துபவர்களுக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு நோவு வராமல் போவதில்லை. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவால் வரும் இந்த நோவுகளை பிரெஞ்சுச் சமூகக் காப்புறுதி, தொழில்நோய் அட்டவணை எண் 57இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மருத்துவச் செலவும் இழப்பீடும் கேட்கலாம். ஆனால் இத்தனை வருடம், இத்தனை மணி இந்த வேலையைச் செய்தேன் என்று காட்டச் சீட்டு வேண்டும். சீட்டில் பாதி நேரத்தை மட்டும் எழுதவிட்டவருக்கு நோவு முழுதாக இருக்கும், சான்று பாதிதான் இருக்கும். பத்து வருட வதிவிட அட்டைக்கு எந்தப் பத்திரம் வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். எண் 57ஐக் கேள்விப்பட்டவர்கள் அந்த அளவுக்கு இல்லை. லா சப்பலின் சங்கங்கள் இதைத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமாக அடித்துக் கடை கடையாகக் கொடுத்தால் எவ்வளவோ பேருக்குப் பயன்.

மார்கழியில் ஆலயத்தில் திருவெம்பாவைப் பூசை நடக்கும் நாட்களும் நத்தார் விளக்குகள் எரியும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. இந்துவும் கத்தோலிக்கரும் ஒரே கடையில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நத்தாருக்குக் கேக்கும் ரோல்ஸும், ஆலயம் போய் வருபவர்களுக்குக் கடலையும் மோதகமும். ஜனவரி இரண்டாம் வாரம் வந்ததும் கடை வாசல்களில் கரும்பு, மஞ்சள் குலை, வெள்ளிநிறப் பொங்கல் பானைகள் நிற்கும். அதே நாட்களில் பாரிஸின் பெரிய கடைகளில் குளிர்கால மலிவு விற்பனை தொடங்குவதால், ஊர் திரும்புபவர்கள் பகலில் உடுப்பும் வாசனைத் திரவியமும் வாங்கிவிட்டு இரவில் லா சப்பலுக்கு வந்து கடைசித் தடவையாகச் சாப்பிடுகிறார்கள். லண்டன்காரர் போகும்போது ரோல்ஸ் பெட்டி கேட்டால், கடையிலுள்ளவர்களே இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். எல்லையில் பறித்துவிட்டால் உழைப்பு வீண் என்பது அவர்கள் கவலை.

இந்த வாரங்களில் குசினியில் நிற்பவருக்கும் வீட்டில் ஆட்கள் வந்திருப்பார்கள். தாயைத் தொண்ணூறு நாள் விசாவில் கூப்பிட்டவர் காலையில் அவர் எழும்புமுன் புறப்பட்டு, அவர் தூங்கிய பின் கதவைத் திறக்கிறார். கடை பூட்டும் நாளில் மட்டும் ஒன்றாகச் சாப்பாடு. பிரெஞ்சுச் சட்டப்படி வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டரை வேலைநாள், வருடத்துக்கு முப்பது வேலைநாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. எப்போது எடுப்பது என்பதில் கடைசிச் சொல் முதலாளியுடையது. பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில் வியாபாரம் விழும்போது சில கடைகள் ஆளுக்கு ஒரு வாரம் இரண்டு வாரம் என்று முறைவைத்துக் கொடுக்கின்றன. டிசம்பர் தொடக்கத்தில் வந்த தாய்க்கு அப்போது விசாவில் இன்னும் ஒரு மாதம் இருக்கும். இதை அறிந்தவர்கள் வரவேற்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே, நத்தாரைப் பார்க்காமல், தாங்கள் விடுமுறையில் நிற்கப்போகும் வாரங்களைக் கணக்குப் பார்த்துத் திகதி எழுதுகிறார்கள்.