வெறுங்கால்

பெரியம்மா கால்மிதி பின்னும் சட்டம் ஒரு காலத்தில் ஜன்னல். துரை பங்களாவைப் பழுதுபார்த்தபோது கண்ணாடி போன சட்டத்தைக் கழித்துப் போட்டார்கள். பெரியப்பா அதைத் தூக்கி வந்து, நாலு புறமும் விரலிடை விட்டு ஆணி அடித்துக் கொடுத்தார். பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருசமாகிறது. சட்டம் இருக்கிறது. அந்தி நிறுவை முடிந்து வீடு வந்ததும் படங்கை அவிழ்த்துக் கொடியில் போடுவார், ஒரு கோப்பை சாயத் தண்ணி குடிப்பார், வாசல் படியில் சட்டத்தை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இருட்டியதும் அது சுவரோரம் போய்விட வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் சட்டம் படுத்தால் ஆள் படுக்க முடியாது. அந்த ஒற்றை அறை வாழ்க்கையை நான் விளக்கத் தேவையில்லை. பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப் ‘மீன்கள்’ கதையில் எழுதிவிட்டார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலைக்கும் தெமோதரைக்கும் நடுவில். கொழும்பிலிருந்து மலையேறும் ரயில் பாதை 1924-ல் பதுளைக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. பெரியம்மா மிதி பின்னுகிற கார்மென்ட் கழிவுத் துணி மூட்டையும் அப்படித்தான், எங்கெங்கோ சுற்றி எங்கள் லயத்தில் வந்து முடிகிறது. 1992-ல் ஜனாதிபதி பிரேமதாச ஆரம்பித்த 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தில் கிராமங்களுக்குத் தையல் மெஷின் வந்தது. கொழுந்து பறிக்கப் பிடிக்காத பிள்ளைகளுக்குப் போக ஓர் இடம் கிடைத்தது. வெட்டி மிஞ்சிய துணியைக் கிலோக் கணக்கில் விற்க ஆட்களும் கிளம்பினார்கள்.

மூட்டையைக் கொட்டியதும் முதல் வேலை பிரிப்பது. இதில் பெரியம்மாவுக்குக் கண் வேண்டாம், விரல் போதும். பனியன் துணியை விரல் அகலத்துக்குக் கீறி இரண்டு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால், ஓரங்கள் உள்ளே சுருண்டு துணி கயிறாகிவிடும். சேர்ட்டுத் துணி அப்படிச் சுருளாது. ஓரத்தில் நூல் பிரிந்து தாடி விடும். கயிறாவதை நீளவாட்டில் ஆணிக்கு ஆணி மாட்டி, அதன்மேல் குறுக்கே இன்னோர் அடுக்கு ஓட்டி, இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் கோணி ஊசியால் முடிச்சுப் போட வேண்டும். ஒரு மிதிக்கு நானூறு ஐந்நூறு முடிச்சு. ஒருநாள் நான் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

நிறம் வைப்பதில்தான் அவர் யாரையும் கிட்டே விடமாட்டார். மாதிரி வரைவதெல்லாம் கிடையாது. ஒரு நீலத்தை மாட்டிவிட்டு, தலையைச் சாய்த்து எதிர்மலையைப் பார்ப்பார். உதவி செய்வதாக நினைத்து ஒருமுறை நான் சிவப்பை எடுத்துக் கொடுத்தேன்.

“அத இங்க வைக்காத தம்பி. ரெண்டும் சண்ட போட்டுக்கிட்டே கெடக்கும்.”

நடுவில் ஒரு சாம்பல் கோடு வைத்தார். சண்டை தீர்ந்தது.

கொழும்பில் வேலை கிடைத்த பிறகு, ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருவர் என்னைக் காலி வீதியில் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பெயார்ஃபூட், வெறுங்கால். எங்கள் ஆட்களின் காலைப் பார்த்து யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் மலையிலிருந்து வந்து விரலிடுக்கில் அட்டையைப் பிடுங்கிப் போடும் பெரியம்மாவின் கால்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. சுவர் முழுக்கத் துணி. மேசை விரிப்பு, குஷன் உறை, சாரம், துணிப் பொம்மை. பழுத்த மாம்பழ மஞ்சளுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ ஊதா, அதை ஒட்டிப் பாசிப் பச்சை. ஒன்றோடு ஒன்று சண்டை போட வேண்டிய நிறங்கள் ஒரு குடும்பம்போல உட்கார்ந்திருந்தன.

அந்தக் கடையைத் தொடங்கிய பார்பரா சன்சோனி 1928-ல் கண்டியில் பிறந்தவர், ஓவியர். ஏழைப் பெண்களுக்கு நெசவு கற்பித்துக்கொண்டிருந்த நல்லாயன் சபைக் கன்னியர்கள், துணிக்கு நல்ல டிசைன் போட்டுக் கொடுங்கள் என்று அவரைக் கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இத்தனையும். 2022-ல் இறக்கும்வரை நிறத்தை அவர் விடவில்லை. அவர் துணிகளில் பெரும்பாலும் பூ இல்லை, மயில் இல்லை, யானை வரிசையும் இல்லை. கோடும் கட்டமும்தான். சாதாரணக் கைத்தறி எதை லேசாகச் செய்யுமோ அதையே கேட்டு வாங்கியிருக்கிறார். தறியில் பாவு நீளவாட்டம், ஊடை குறுக்கு. பாவில் சிவப்பும் ஊடையில் மஞ்சளும் ஓடினால், கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டும் தனித்தனி. நாலடி தள்ளி நின்றால் ஆரஞ்சு. சாயத் தொட்டியில் யாரும் கரைக்காத நிறம் அது. பெரியம்மாவின் சட்டத்திலும் நீளமும் குறுக்கும் உண்டு. ஆனால் அவருடைய ‘நூல்’ சுண்டுவிரல் தடிப்பு. எத்தனை அடி தள்ளி நின்றாலும் கலக்காது, புள்ளி புள்ளியாகவே நிற்கும். அதனால்தான் அவருக்கு அந்தச் சாம்பல் கோடு வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குக் கடையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. விலைச் சீட்டைத் திருப்பி, மனதுக்குள் அதைப் பேர்க் கணக்காக, எத்தனை நாள் கூலி என்று மாற்றிப் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுப் போகாத பழக்கம். கையால் நெய்ததற்கு அந்த விலை நியாயம்தான். ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

அந்தக் கடை தொடங்கியது 1964-ல். எங்கள் வீட்டில் அந்த ஆண்டுக்கு வேறு பெயர். சிறிமா–சாஸ்திரி. அந்த ஒக்டோபர் ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். அம்மாயியின் தங்கை குடும்பம் ‘அங்கே’ என்ற கணக்கில் விழுந்தது. பெட்டி கட்டும்போது இருந்த ஒரே கம்பளி யாருக்கு என்று அக்காவும் தங்கையும் மல்லுக்கு நின்றார்களாம். வேண்டும் என்று இல்லை, நீ வைத்துக்கொள் நீ வைத்துக்கொள் என்று. கறுப்புக் கம்பளி. தோட்டத்தில் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. மழைக்குத் தலையில், ராத்திரிக்கு உடம்பில், பிரசவத்துக்குக் கீழே. கடைசியில் அது கப்பலேறியது. போன குடும்பத்துப் பையன் ஒருவனுக்குத் தமிழ்நாட்டில் நூல் மில்லில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. கொழுந்து கிள்ளின கை நூலுக்குப் போய்விட்டது என்று அம்மாயி சொல்லிக்கொண்டே இருப்பார். பெருமையா வருத்தமா, குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கம்பளி போன இடத்துக்குத்தான் கந்தைப் போர்வை வந்தது. பழைய சேலைகளை நாலாக மடித்து, மாச்சாக்கை நடுவில் வைத்துத் தைத்தது. ஊவாவில் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும். தேயிலைக்கு அது மணம் கொடுக்கும் காற்று, உலகச் சந்தையில் பெயர் வாங்கிய காற்று. லயத்துத் தகரத்துக்கு அது வேறு காற்று. அப்போது அந்தப் போர்வைக்குள் படுத்திருந்து தையலை விரலால் தடவிக்கொண்டே தூங்கியவன் நான். எங்கள் வீட்டுக்குள் துணி ஒருநாளும் புதுத் துணியாக முதலில் வந்ததில்லை, தீபாவளிக்குத் தவிர. சாக்காகவோ சேலையாகவோ இருந்து முடித்த பிறகுதான் வரும்.

கடையைப் பார்த்த வேகத்தில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பெரியம்மாவின் மிதிகள் ஆறைக் கொழும்பில் வேறொரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மயில் கழுத்து நீலம், நடுவில் மஞ்சள். இதேபோல 24 வேண்டும் என்றார். பெரியம்மா முதல்முறையாக ஓர் ஓடருக்கு உட்கார்ந்தார். ஒன்பது வரை வந்தது. பிறகு அந்த நீலம் தீர்ந்துபோனது. மூட்டைக்காரனிடம் கேட்டோம். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தைத்த சட்டையாம், அது முடிந்து கப்பலும் போய்விட்டதாம். இனி அந்த நீலம் வராது. பத்தாவதில் பெரியம்மா நீலத்துக்குப் பதில் செங்கல் நிறத்தைக் கொடுத்து, மஞ்சளை ஓரத்துக்கு நகர்த்தினார். கடைக்காரர் பத்தையும் திருப்பிவிட்டார். செட் சேரவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. செட் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். இரவு ரயிலில் பத்தையும் மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்கு வந்தேன். ஒரு நிறத்தை நூலில் ஏற்றி, அடுத்த வருசமும் அதே நிறம் வேண்டும் என்று கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய வசதி என்று வழி முழுவதும் யோசித்துக்கொண்டே வந்தேன். பெரியம்மா பத்தையும் வாசலில் வரிசையாக விரித்துப் பார்த்தார்.

“பத்தாவதுதான்டா நல்லா வந்திருக்கு.”

உண்மைதான். அதை மட்டும் பிறகு விற்கக் கொடுக்கவில்லை. சாமிப்படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார். யாரும் மிதிப்பதில்லை.

போன தைப்பொங்கலுக்குக் காலி வீதிக் கடையில் ஒரு கைத்துணி வாங்கிப் போனேன். மாம்பழ மஞ்சளும் ஊதாவும் கோடு கோடாக ஓடியது. பெரியம்மா நேர்ப்பக்கம் பார்க்கவே இல்லை. முதலில் பின்பக்கம் திருப்பினார். பிறகு ஓரத்தை நகத்தால் நெருடினார். வெளிச்சத்துக்குப் பிடித்து, ஊதாக் கோட்டில் எத்தனை இழை என்று உதடசைய எண்ணினார். அவர் எண்ணி முடிக்கும்வரை நான் பேசவில்லை. கடைசியில் மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இத வெட்டுன மிச்சத்த எல்லாம் என்ன பண்ணுவாங்க தம்பி?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு தடவை அந்தக் கடைக்குப் போய்விட்டேன். இன்னும் கேட்கவில்லை.