கப்பல் படித்த கிதார்க்காரர்

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்று எங்கள் ஆமத்தூரில் திட்டுவார்கள். பி.காம். படித்துக்கொண்டே திருவிழா மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கும் எனக்கு வாரம் ஒருமுறையாவது இது கிடைக்கும். இன்னும் சில மாதங்களில் படிப்பு முடிகிறது. ஆடிட்டர் ஆபீஸில் சேரச் சொல்கிறார் அப்பா. இந்த நேரத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது 'கிதார்' பிரசன்னாவைத்தான்.

ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தார். அதன்பின் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸ். கர்நாடக சங்கீதத்தில் அவருடைய குருக்கள் திருவாரூர் எஸ். பாலசுப்ரமணியமும் வயலின் ஏ. கன்யாகுமாரியும். கேட்கவே தலை சுற்றுகிறது இல்லையா?

கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசித்த முதல் ஆள் அவரல்ல. சுகுமார் பிரசாத் அவருக்கு முன்பே வாசித்திருக்கிறார். ஆனால் அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று கிதார் பிடித்தவர்களுக்குத் தெரியும். கிதாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். ஃப்ரெட் என்பார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் கட்டத்துக்குள் நின்றுவிடும். தோடி ராகத்துக் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த கமகத்துக்காக விரலைத் தந்தி மேலேயே சறுக்க வேண்டும், அல்லது தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். நானும் முயன்றேன். விரல் நுனி எரிந்ததுதான் மிச்சம்!

அப்படி இழுப்பது ப்ளூஸ் கிதார்க்காரர்களுக்கும் பழக்கமான வித்தைதான். அதனால் 2006-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று பிரசன்னா ஒரு ஆல்பம் போட்டபோது அது வலிந்து ஒட்டியதாக இல்லை. 2011-ல் பியானோ விஜய் ஐயர், தபலா நிதின் மித்தாவோடு 'தீர்த்தா'. என்னைக் கேட்டால் இதுதான் உசத்தி. மூன்று பேரும் அடுத்தவருக்கு இடம் விட்டு வாசிக்கிறார்கள்.

சிவகாசியில் என் மாமா ஆப்செட் பிரஸ்ஸில் வேலை செய்கிறார். நாலு கலர் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழ வேண்டும், ரிஜிஸ்டர் மயிரிழை விலகினாலும் சாமி படம் மங்கிவிடும் என்பார். நான் கேட்ட ஃபியூஷன் பாதிக்கு மேல் ரிஜிஸ்டர் விலகியதுதான். பிரசன்னாவிடம் விலகுவது அபூர்வம், ஏனென்றால் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாக உட்கார்ந்து படித்த மனுஷன்.

2009 ஆஸ்கர் இரவில் ரஹ்மான் இரண்டு விருது வாங்கியதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அதே மேடையில் சிறந்த குறும் ஆவணப்படமாகத் தேர்வான 'ஸ்மைல் பிங்கி'க்கு இசை பிரசன்னா. எத்தனை பேருக்குத் தெரியும்?

2010-ல் செய்யூர் பக்கம் தொடங்கிய ஸ்வர்ணபூமி இசை அகாடமிக்கும் அவர்தான் தலைவராக இருந்தார். ஜாஸ், ராக் படிக்க வந்த பிள்ளைகளும் அங்கே கொன்னக்கோல் சொல்லிப் பழகினார்களாம். அதைப் படித்ததிலிருந்து எங்கள் குழு டிரம்ஸ் அண்ணனையும் 'தகதிமி தகஜுணு' சொல்லச் சொல்லி நச்சரிக்கிறேன். அவரோ, "பங்குனிப் பொங்கல் கச்சேரிக் காசு வந்துச்சாடா?" என்கிறார்.