வலம் வரும் வீதிகள்: சிதம்பரம்

கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், நடராசர் கோயிலை நாற்புறமும் சூழ்ந்து, கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி எனத் திசையையே பெயராகக் கொண்ட நான்கு தெருக்கள் ஓடுகின்றன. மாடவீதி என்றும் தேரோடும் வீதி என்றும் சொல்லப்படும் இவை மதிலை ஒட்டி அமையாமல் சற்று விலகியே நிற்பதால், ஒவ்வொரு கோபுர வாயிலிலிருந்தும் சன்னதி எனப்படும் குறுந்தெரு ஒன்று புறப்பட்டு வந்து வீதியோடு சேர்கிறது. கீழவீதியில் நடப்பவர் கீழச்சன்னதிக்குள் திரும்பியதும் ஏழுநிலைக் கோபுரம் நேர் எதிரே எழுந்து நிற்கக் காண்கிறார்.

இவ்வீதிகளோடு ஒப்பிட்டுக் காண ஏற்றவை உரோமரின் தெருக்கள். நகரின் தலைமைத் தெருவைப் பெருமிதத்தோடு அமைப்பதில் உரோமர் பெயர் பெற்றவர்கள். வடக்குத் தெற்காகச் செல்லும் தெருவைக் கார்டோ என்றும், அதைக் குறுக்கே வெட்டும் கிழக்கு மேற்குத் தெருவை டெக்குமானஸ் என்றும் அவர்கள் அழைத்தனர். பொ.ஆ. 115இன் நிலநடுக்கத்துக்குப் பின் எடுத்துக் கட்டப்பட்ட சிரியாவின் அபாமியா நகரத் தெரு, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவுக்கு இருமருங்கும் கல்தூண் வரிசை கொண்டது. தூண்களுக்குப் பின்னே கூரையிட்ட நடைபாதையும் அதையொட்டிக் கடைகளும் இருந்தன. அவ்வுரோம உலகம் சிதம்பரம் பகுதிக் கடற்கரைக்கு முற்றிலும் அயலானதன்று. கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, இத்தாலியில் வனைந்த அரிட்டைன் என்னும் செந்நிறப் பளபளப்புக் கலங்களையும், திராட்சை மது வந்திறங்கிய ஆம்போரா என்னும் இருகைப்பிடிச் சாடிகளையும் வெளிக்கொணர்ந்தது.

உரோமத் தெரு ஒரு வாயிலில் தொடங்கி மறு வாயிலை நோக்கி நேரே செல்வது. தில்லை எனப்படும் சிதம்பரத்தின் வீதியோ நான்கு மூலை திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது. அதன் அகலத்தை முடிவு செய்தது தேர். கல்தூண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் அவையெல்லாம் மதிலுக்குள்ளேயே நிற்பதற்கு இதுவே காரணமாகத் தோன்றுகிறது. உட்புறம் மதிலையொட்டித் தூண்கள் தாங்கச் செல்லும் நடைமண்டபத்துக்குத் திருச்சுற்று மாளிகை என்று பெயர். முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகிய இருவர் காலத்திலும் படைத்தலைவனாக விளங்கிய நரலோகவீரன், இக்கோயிலில் நூற்றுக்கால் மண்டபம் உள்ளிட்ட பல பணிகள் செய்ததோடு, மாசிமகத்தன்று இறைவன் கடலாடக் கடற்கரையில் மண்டபமும் அங்குச் செல்லப் பெருவழியும் அமைத்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. இவ்வூரின் தெருவமைப்பை ஆராய்வோர் கோபுரம் கட்டிய மன்னர்களைப் போற்றும் அளவுக்கு இவனையும் போற்ற வேண்டும்.

இவ்வீதிகள் எல்லார்க்கும் ஒருபோலத் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார், தம் குலத்தை எண்ணி ஊருக்குள் நுழைய அஞ்சி, தில்லையின் எல்லையை மட்டும் பகலும் இரவும் வலம் வந்து நின்றதைச் சேக்கிழாரின் பெரியபுராணம் விவரிக்கிறது. அந்நூல் அரங்கேறிய இடமாக மரபு காட்டுவதும் இதே கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தையே ஆகும். தேர் செல்லும் வட்டத்துக்கு வெளியே, அடியார் ஒருவர் அச்சத்தோடு நடந்த மற்றொரு வட்டமும் இவ்வூரின் வரலாற்றில் உண்டு.

ஆண்டுக்கு இருமுறை, ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்தின நாளில், தேரோட்டம் நிகழ்கிறது. பிற தலங்களில் கருவறை மூர்த்தி இருந்த இடத்திலேயே இருக்க உற்சவர் என்னும் உலாத்திருமேனி மட்டும் வெளிவரும். இங்கோ மூலவராகிய நடராசரே கருவறையாகிய சிற்சபையை விட்டு வெளியே எழுந்தருளுகிறார். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமியம்மை, சண்டிகேசுவரர் எனத் தேர்கள் ஐந்து. கீழவீதித் தேர்நிலையிலிருந்து அவை தெற்குவீதிக்குத் திரும்புகையில், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவோரின் கைத்திறமே அத்தனை பெரிய தேரை மூலையில் வளைத்துக் கொடுக்கிறது. தேர் வரும் வழியெங்கும் நீர் தெளித்துக் கோலமிடுகிறார்கள். கடைகளும் விளம்பரப் பலகைகளும் நெருக்க, திண்ணையும் மரத்தூணும் கொண்ட ஓட்டு வீடுகள் இவ்வீதிகளில் அருகி வருவது பெருங்குறை. எஞ்சியவற்றையேனும் அளந்து வரைந்து வைக்கும் பணி இனியும் தள்ளிப்போகலாகாது.

நான்கு வீதியும் சுற்றித் தேர் நிலைக்கு வந்தபின், நடராசரும் சிவகாமியம்மையும் இராசசபை எனப்படும் ஆயிரக்கால் மண்டபத்துக்கு எழுந்தருளுகின்றனர். நாளெல்லாம் திறந்த வானின்கீழ் வீதிவலம் வந்த திருமேனிகள் அன்றிரவு கல்தூண்களின் நடுவே தங்கி, மறுநாள் விடியலில் அங்கேயே திருமஞ்சனம் கொண்டு, தரிசனம் தந்தபின் சிற்சபைக்குத் திரும்புகின்றன.