ஓநாய்க்கு எந்த ஊர்?

நோர்வேக்கு வந்து மொழி கொஞ்சம் பிடிபடத் தொடங்கியதும் நம் காதில் விழும் சச்சரவுகளில் ஒன்று ஓநாயைப் பற்றியது. செம்மறி வளர்ப்போர் சுடவேண்டும் என்கிறார்கள். இயற்கை ஆர்வலர்கள் காக்கவேண்டும் என்கிறார்கள். "இது இந்நாட்டு ஓநாயே அல்ல, மிருகக்காட்சிச்சாலையிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்" என்றொரு கதையும் நெடுநாளாக உலாவியது.

இதற்கு விடை தேடி ஆய்வாளர்கள் நூதனசாலைகளுக்குப் போனார்கள். முற்காலத்தில் சுடப்பட்ட ஓநாய்களின் மண்டையோடுகளும் தோல்களும் அங்கே பேணப்படுகின்றன. இறந்த உடலில் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்துவிடும். ஆனாலும் பல்லிலும் எலும்பிலும் கொஞ்சம் தங்கிநிற்கும். எலும்பைச் சிறிது துளைத்துத் தூள் எடுக்கிறார்கள். தங்கள் டி.என்.ஏ. அதில் கலந்துவிடாதபடி கையுறையும் முகமூடியும் அணிகிறார்கள். பிறகு அத்துண்டுகளைப் படித்து இன்றைய ஓநாய்களுடன் ஒப்பிடுகிறார்கள்.

துரொண்ட்ஹைமிலுள்ள நோர்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நோர்வே, சுவீடன் ஓநாய்கள் 1970ஆம் ஆண்டளவில் அற்றுப்போயின. இன்றுள்ளவை பின்லாந்துப் பக்கமிருந்து வந்தவற்றின் வழித்தோன்றல்கள். மிருகக்காட்சிச்சாலைக் கதைக்கு மரபணுவில் ஆதாரம் கிடைக்கவில்லை.

வந்தவையோ மிகச் சில. 1983இல் சுவீடனில், நோர்வே எல்லைக்கு அருகே, ஒரு சோடி குட்டி ஈன்றது. அதன்பின் உறவுக்குள்ளேயே கூடிக் கூடி, பத்து ஓநாய்களைக்கூட எட்டாமல் அந்தக் கூட்டம் தேங்கிநின்றது. 1991இல் கிழக்கிலிருந்து இன்னுமோர் ஆண் ஓநாய் வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் கூட்டம் பெருகியது.

இந்த முடிவை இரு பகுதியினருமே தமக்குச் சாதகமாக எடுக்கிறார்கள். "வேற்று நாட்டு ஓநாய்க்கு இங்கே என்ன காவல்?" என்கிறார் ஒருவர். "தன் காலால் நடந்துதானே வந்தது?" என்கிறார் மற்றவர். ஆட்டைப் பறிகொடுத்தவரின் துயரமும் பொய்யல்ல.

வேலையிடத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் ஓநாய் எங்கிருந்து வந்தது என்று இனி நாமும் சொல்லலாம். ஆனால் அது இங்கே இருக்கலாமா என்பதை எந்த எலும்பும் சொல்லாது; மனிதர்தான் பேசித் தீர்க்கவேண்டும். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று நாள்தோறும் கேட்கப்படும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.