விலகிப் போக முடியாதவர்கள்

விலங்குத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் விலங்குகளைப் பார்ப்பார்கள். நான் மனிதர்களையும் பார்ப்பேன். பல ஆண்டுகளாகப் பாடநூல் பணியில் இருப்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம். ஒரே அறிவிப்புப் பலகையை ஒருவர் நின்று படிக்கிறார். இன்னொருவர் அதன்மேல் சாய்ந்துகொண்டு படம் எடுக்கிறார். மூன்றாமவர், ‘இது எனக்குச் சொன்னதில்லை’ என்பதுபோல் அதைக் கடந்து போகிறார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதை ஏன் வைத்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பவர்கள்தாம் குறைவு.

தோ பாயோவில் குடியிருக்கும் எங்களுக்கு மண்டாய் அதிகத் தொலைவில் இல்லை. ரயிலில் ஏறினால் மூன்றாவது நிலையம் அங் மோ கியோ. அங்கிருந்து 138ஆம் எண் பேருந்து நேராக விலங்குத் தோட்டத்துக்குப் போகும். சென்ற ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் மன்னார்குடியிலிருந்து என் பெரியப்பா வந்திருந்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு. அவரையும் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நுழைவாயிலில் நீண்ட வரிசை நின்றது. தள்ளுவண்டியில் குழந்தைகள், சக்கர நாற்காலியில் முதியவர்கள், கொடியைப் பிடித்தபடி முன்னே நடந்த சுற்றுலா வழிகாட்டிகள் என எங்கும் ஒரே கூட்டம்.

உள்ளே சென்றதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “கம்பி எங்கேம்மா?” என்பதுதான். சென்னையின் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்கு மாறுவதற்கு முன்பு, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகே இருந்தது. சிறு வயதில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். அங்கே கம்பிகளுக்குப் பின்னால் இருந்த புலிதான் அவர் நினைவில் நின்றிருந்தது. இங்கே எங்களுக்கும் விலங்குகளுக்கும் இடையே ஓர் அகழியும் சில செடிகளும் மட்டுமே கண்ணில் பட்டன.

அதற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூர் விலங்குத் தோட்டம் 1973ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி திறக்கப்பட்டது. அப்போது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஓங் சுவீ லா, சிலேத்தார் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டு நிலத்தில் ஒரு விலங்குத் தோட்டம் அமைக்கலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தவர். கூண்டுகளுக்குப் பதிலாக அகழி, பாறை, செடிகொடிகள் ஆகியவற்றையே தடுப்புகளாக வைப்பது என்று முடிவாயிற்று. இதைத் ‘திறந்த விலங்குத் தோட்டம்’ என்பார்கள். ஓராங் ஊத்தான்கள் இங்கே நம் தலைக்கு மேலுள்ள கிளைகளில் உலவுவதைப் பார்க்கலாம்.

கம்பிகள் குறைந்தால் வேறொன்று கூடியாக வேண்டும். அது பார்வையாளரின் கட்டுப்பாடு. அகழி விலங்கைத் தடுக்கும். நம் கையிலிருந்து பறந்துபோகும் ரொட்டித் துண்டைத் தடுக்காது. ஆகவே, வேலியின் ஒரு பாதியை விலங்குத் தோட்டத்தினர் கட்டியிருக்கிறார்கள். மறு பாதியை நாம் நம்மோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

அன்று நாங்கள் கண்ட பலரும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். ஆனால், எல்லாரும் அல்ல. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருந்த விலங்கை எழுப்ப ஒரு சிறுவன் கண்ணாடியைத் தட்டினான். அருகிலிருந்த அவனுடைய அப்பாவும் சேர்ந்து தட்டினார். ஓர் இளைஞர் படம் நன்றாக அமைய வேண்டும் என்று தடுப்பின்மேல் ஏறி நின்றார். ஒரு பாட்டி அன்போடுதான் தம் பையிலிருந்த பிஸ்கட்டைக் குரங்கிடம் வீசப் போனார். “வேண்டாம் அம்மா, அதற்கு வயிறு கெட்டுவிடும்,” என்று ஓர் ஊழியர் புன்னகையுடன் தடுத்தார். அந்தப் பாட்டியிடம் கெட்ட எண்ணம் சிறிதும் இல்லை. ஆனால், ஒரே நாளில் நூறு பேர் ஆளுக்கொரு பிஸ்கட் வீசினால் அந்தக் குரங்கின் நிலை என்ன ஆகும்?

பகல் உணவுக்கு முன் ஓராங் ஊத்தான்கள் இருக்கும் பகுதிக்கு வந்தோம். மலாய் மொழியில் ‘ஓராங்’ என்றால் மனிதன். ‘ஹூத்தான்’ என்றால் காடு. காட்டு மனிதன் என்ற அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது அதன் கண்களைப் பார்த்தால் தெரியும். தாய் ஒன்று குட்டியை வயிற்றோடு அணைத்தபடி கிளையில் அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியப்பா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு, தம்மை அறியாமலே சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை வெளியே எடுத்தார்.

“பெரியப்பா, இங்கே புகைபிடிக்கக் கூடாது,” என்றேன் மெல்லிய குரலில்.

“திறந்த வெளிதானேம்மா? பக்கத்தில் யாரும் இல்லை. புகை காற்றோடு போய்விடும்.”

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றியது. என் மகள் அவருடைய கையைப் பற்றிக்கொண்டாள். “தாத்தா, நமக்குப் புகை பிடிக்கவில்லை என்றால் நாம் தள்ளிப் போய்விடுவோம். அது எங்கே போகும்?” என்று மரத்தைக் காட்டிக் கேட்டாள்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. மேலே ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் கேட்ட கேள்வியின் ஆழம் எனக்குப் பின்னர்தான் நன்றாகப் புரிந்தது. ஓராங் ஊத்தானின் மரபணு நம்முடையதோடு ஏறத்தாழ 97 விழுக்காடு ஒத்துப்போகிறது. நமக்கு வரும் சளியும் காய்ச்சலும் அதற்கும் தொற்றக்கூடும். நம்மைப் பார்த்து அதுவும் கற்றுக்கொள்ளும். அந்தத் திறமையே அதற்குத் தீங்காக முடிந்த கதைகள் நமக்கு அருகிலேயே நடந்திருக்கின்றன. பாலத்தைக் கடந்தால் வந்துவிடும் ஜொகூரின் விலங்குத் தோட்டத்தில் ஷெர்லி என்ற ஓராங் ஊத்தான் இருந்தது. பார்வையாளர்கள் எறிந்த சிகரெட்டுகளை எடுத்துப் புகைத்துப் பழகிய அதை, 2011ஆம் ஆண்டு மலேசிய அதிகாரிகள் அங்கிருந்து மீட்டு மலாக்காவுக்குக் கொண்டு சென்றார்கள். இந்தோனீசியாவின் சோலோ நகர விலங்குத் தோட்டத்தில் டோரி என்ற பெண் ஓராங் ஊத்தானும் அப்படித்தான். சிகரெட்டை விரல்களுக்கிடையே பிடிக்கவும் சாம்பலைத் தட்டவும் மனிதர்களைப் பார்த்தே அது கற்றுக்கொண்டது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்; படம் எடுத்தார்கள். 2012இல், எறியும் சிகரெட் எட்டாத ஒரு சிறு தீவுக்கு டோரியை மாற்ற வேண்டியதாயிற்று.

சிகரெட்டைக் கொடுக்காமல், நாம் மட்டும் புகைத்துவிட்டுத் துண்டைக் கீழே போட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். சிகரெட்டின் வடிகட்டி பார்ப்பதற்குப் பஞ்சுபோல் இருந்தாலும் அது ஒருவகை பிளாஸ்டிக். எளிதில் மக்காது. அதில் நிக்கோட்டின் முதலிய நச்சுப் பொருள்கள் தங்கியிருக்கும். மழை பெய்தால் அவை நீரில் கரைந்து ஓடும். பறவையோ குரங்கோ அந்தத் துண்டை உணவென்று எண்ணி விழுங்கவும் கூடும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4.5 டிரில்லியன் சிகரெட் துண்டுகள் கண்ட இடங்களில் வீசப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றுள் ஒன்றுகூடத் தானாக நடந்து வந்து கீழே விழுந்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒரு கை போட்டிருக்கிறது.

சிங்கப்பூரில் புகைபிடித்தலுக்கு எதிரான விதிகள் படிப்படியாக வளர்ந்தவை. 1970ஆம் ஆண்டிலேயே பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் புகைபிடிக்கத் தடை வந்தது. 2013இல் அடுக்குமாடி வீடுகளின் பொது நடைபாதைகளும் கீழ்த்தளங்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து எல்லாப் பொதுப் பூங்காக்களிலும் தோட்டங்களிலும், பத்துப் பொழுதுபோக்குக் கடற்கரைகளிலும் தடை நடப்புக்கு வந்தது. மீறுபவர்களுக்கு 200 வெள்ளி அபராதம். வழக்கு நீதிமன்றம் சென்றால் 1,000 வெள்ளி வரை கட்ட நேரலாம். இந்தியாவிலும் விலங்குத் தோட்டங்களில் விலங்குகளைச் சீண்டுவதையும் அவற்றுக்கு உணவு கொடுப்பதையும் குப்பை போடுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஓடும் பேருந்திலிருந்து பயணி இறங்க முடியாது. கீழ்த்தளத்தில் தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தை எழுந்து போக முடியாது. பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர் நிறுத்தத்தை விட்டு விலக முடியாது. விலங்குத் தோட்டத்து விலங்கின் நிலையும் இதுவே. விலகிப் போக முடியாதவர்களுக்காக மற்றவர்கள் விலகிப் போக வேண்டும் என்பதுதான் இந்த விதிகளின் உட்பொருள். புகைபிடிப்பவரை இழிவுபடுத்துவது அவற்றின் நோக்கமன்று.

ஆனால், எல்லா இடங்களுக்கும் சட்டம் வர முடியாது. தோ பாயோவில் எங்கள் வீட்டில் என் மாமியார் இருக்கிறார். அவருக்கு ஆஸ்துமா உண்டு. முழங்கால் வலியால் அதிகம் நடமாடவும் இயலாது. கீழ்வீட்டில் ஒருவர் இரவில் சன்னலோரம் நின்று புகைப்பார். அந்தப் புகை நேராக மாமியாரின் அறைக்கு ஏறிவரும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இருமல். தம் வீட்டுக்குள் ஒருவர் புகைபிடிப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. எனவே, புகார் கொடுக்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது, என் கணவர் ஒரு தட்டில் கொஞ்சம் முறுக்கு எடுத்துக்கொண்டு கீழே போனார். “எங்கள் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் இருக்கிறது. அவரால் வேறு அறைக்குப் போய்ப் படுக்க முடியவில்லை,” என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் திடுக்கிட்டுப் போனாராம். மேலே யார் இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது பெரும்பாலான இரவுகளில் அவர் கீழே இறங்கிப் போய்விடுகிறார். சில இரவுகளில் வாடை வரத்தான் செய்கிறது. ஆனாலும், மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம், “பாட்டி நலமா?” என்று கேட்கிறார்.

பெரியவர்களிடமோ அறிமுகமில்லாதவர்களிடமோ, “இப்படிச் செய்யாதீர்கள்,” என்று சொல்வது எளிதன்று. நம் வீடுகளில் மூத்தவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்றே வளர்ந்திருக்கிறோம். என் மகள் தாத்தாவை எதிர்த்துப் பேசவில்லை. அபராதத்தைச் சொல்லிப் பயமுறுத்தவும் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒருவரைக் காட்டினாள், அவ்வளவுதான். என் கணவர் செய்ததும் அதுவே. விலங்குத் தோட்டத்து ஊழியரும், “விதி இருக்கிறது,” என்று சொல்லவில்லை. “அதற்கு வயிறு கெட்டுவிடும்,” என்றுதான் சொன்னார்.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் குடியிருப்பிலும் எத்தனையோ அறிவிப்புப் பலகைகளை நாள்தோறும் கடந்து செல்கிறீர்கள். அடுத்த முறை ஒன்றைப் பார்க்கும்போது அதிலுள்ள அபராதத் தொகையோடு கண்ணை நிறுத்திவிடாதீர்கள். அங்கிருந்து விலகிப் போக முடியாதவர் யார் என்று ஒரு கணம் தேடிப் பாருங்கள். அது படுக்கையில் இருக்கும் ஒரு பாட்டியாக இருக்கலாம். தள்ளுவண்டியில் உறங்கும் குழந்தையாக இருக்கலாம். குட்டியை அணைத்தபடி கிளையில் அமர்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாயாகவும் இருக்கலாம்.