மரை எவ்வளவு ஆழம் பிடிக்க வேண்டும்?

ஒருத்தர் கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால் "மரை கழண்ட கேஸ்" என்று கிண்டல் செய்வார்கள். கழண்ட மரையைத் திரும்ப முடுக்கிவிடலாம். வழித்துக்கொண்டு போன மரையை என்ன செய்வது? அழுத்தக் கலன்களில் பெரிய தலைவலியே அதுதான்.

கலனின் மூடியைப் பிடித்திருக்கும் ஸ்டட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் நட். மறுமுனை, கலனின் உடம்பிலேயே துளையிட்டு மரை வெட்டிய இடத்தில் இறங்கியிருக்கும். சுமை மீறினால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஸ்டட் அறும், அல்லது கலனின் மரை உரியும். ஸ்டட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், வேறு மாற்றலாம். மரை உரிவதோ உள்ளுக்குள்ளே, சத்தமில்லாமல், பழுதாவது கலன். ஆகவே "போவதானால் ஸ்டட் போகட்டும்" என்பதுதான் ஆழத்தைத் தீர்மானிக்கும் தத்துவம்.

அமெரிக்காவின் பிராக்டன் நகரில் 1905 மார்ச் 20 அன்று ஒரு செருப்புத் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தார்கள். இதுபோன்ற விபத்துகள்தான் ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பு பிறக்கக் காரணம். அதன் எட்டாம் பகுதி (முதல் பிரிவு) சொல்லும் கணக்கு சுலபம். ஸ்டட்டின் விட்டம் ஓர் அளவு. விட்டத்தை 0.75-ஆல் பெருக்கி, அதை ஸ்டட்டுக்கும் கலனுக்கும் அனுமதித்த தகைவுகளின் விகிதத்தால் பெருக்கினால் இன்னொரு அளவு. இரண்டில் பெரியதுதான் குறைந்தபட்ச ஆழம். ஆனால் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் தேவையில்லை.

20 மி.மீ. ஸ்டட், விகிதம் 1.6 என்றால்? 0.75 × 20 × 1.6 = 24 மி.மீ. கலனின் உலோகம் மெலிந்ததாக இருந்தால் ஆழம் கூடும். ஆனாலும் 30-ஐத் தாண்ட வேண்டாம். தகைவுகளைக் கலன் வேலை செய்யும் வெப்பநிலைக்கு எடுக்க வேண்டும், அறை வெப்பநிலைக்கு அல்ல.

"இன்னும் ஆழமாகப் போட்டால் இன்னும் பலம்தானே?" என்று தோன்றும். அதுதான் இல்லை. எல்லாச் சுற்றுகளும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. முதல் சுற்றே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாங்கிவிடும். உள்ளே போகப் போகப் பங்கு குறையும். கடைசிச் சுற்றுகள் கல்யாண வீட்டில் வேலை செய்வதுபோல் நடமாடும் உறவுக்காரர்கள் மாதிரி!

ஒரு சூட்சுமம். துளையின் ஆழமும் பிடிமானமும் ஒன்றல்ல. டேப்பின் முனை அடிவரை முழு மரை வெட்டாது. டிரில் விட்ட கூம்பிலோ மரையே கிடையாது. இரண்டையும் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சரிபார்க்க எளிய வழி, சுற்றுகளை எண்ணுவது. சாதாரண 20 மி.மீ. மரையில் ஒரு சுற்றுக்கு 2.5 மி.மீ. இறங்கும். 24 மி.மீ. வேண்டுமென்றால் முழு மரையில் பத்துச் சுற்றாவது இறங்க வேண்டும். எட்டிலேயே தட்டி நின்றால், ஸ்பேனரை எவ்வளவு முறுக்கினாலும் பிடிமானம் கூடாது.

வெளியே பார்த்தால் எட்டுச் சுற்றும் பத்துச் சுற்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். முடுக்குவதற்கு முன் எண்ணியவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும்.