தரியா-இ-நூர்: ஒரு வைரமும் மூன்று விலைகளும்

1852 நவம்பரில் கல்கத்தாவின் ஹாமில்டன் அண்ட் கம்பெனி ஒரு தோள்வளையை ஏலத்தில் விட்டது. அதன் நடுவே ஏறத்தாழ 26 காரட் எடையுள்ள செவ்வக வைரம். சுற்றிலும் சிறு வைரங்கள். 'ஒளிக்கடல்' என்று பொருள்படும் தரியா-இ-நூர் என்பது அதன் பெயர். (ஈரானின் அரச கருவூலத்தில் இதே பெயர் தாங்கிய இளஞ்சிவப்பு வைரம் வேறு; அது இதைவிடப் பன்மடங்கு பெரியது.)

1849இல் லாகூர் கருவூலத்திலிருந்து கோஹினூருடன் ஆங்கிலேயர் கைக்குச் சென்ற இக்கல், 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியைக் கண்டு திரும்பியிருந்தது. கோஹினூர் அங்கேயே தங்கியது. மறு ஆண்டு அதை 186 காரட்டிலிருந்து 105.6 காரட்டாகக் குறைத்து வெட்டினர். தரியா-இ-நூர் அக்கத்திக்குத் தப்பியது. டாக்காவின் குவாஜா அலிமுல்லா அதனை 75,000 ரூபாய்க்கு வாங்கினார். 1887இல் வைசிராய் டஃபரினும் அவர் மனைவியும் கல்கத்தாவின் பாலிகஞ்சில் இருந்த நவாபின் இல்லத்தில் அதைக் கண்டனர்.

அலிமுல்லாவின் வழிவந்த நவாப் சலிமுல்லா கடனில் மூழ்கினார். 1908இல் கிழக்கு வங்காள, அஸ்ஸாம் அரசிடம் 14 லட்சம் ரூபாய் கடன் பெறச் சொத்துகளை அடமானம் வைத்தபோது, இவ்வைரத்தின் மதிப்பு 5 லட்சம் என்று எழுதப்பட்டது. பின்னர் விற்பனைக்காக அது மீண்டும் இங்கிலாந்து சென்றது. அங்கே கேட்கப்பட்ட விலை 1,500 பவுண்டு. அன்றைய மாற்று வீதத்தில் 22,500 ரூபாய். அலிமுல்லா கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

யார் ஏமாற்றினார்கள் என்று கேட்கத் தோன்றும். ஏமாற்று எதுவும் தேவைப்படவில்லை. பரப்பும் எடையும் குறையாமல் கல்லைத் தட்டையாக விடுவது இந்திய வழக்கம். பட்டை பல தீட்டி ஒளியைச் சிதறச் செய்வது ஐரோப்பியச் சுவை. போதாக்குறைக்கு, 1870களிலிருந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் வைரத்தைக் குவித்துக்கொண்டிருந்தன. அடமானப் பத்திரத்தின் விலை கடனைத் தாங்குவதற்காக எழுதப்பட்டது. இலண்டன் வணிகர் சொன்னது மறுநாள் விற்கக்கூடிய விலை.

இன்றைய ஆய்வுக்கூடங்கள் இவ்விரண்டையும் கவனமாகப் பிரித்து வைக்கின்றன. எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகியவற்றைச் சொல்லும் தரச்சான்றில் விலை இடம்பெறாது. விலைமதிப்பீடு தனி ஆவணம். காப்பீட்டுக்கான மதிப்பும் விற்பனைக்கான மதிப்பும் ஒரே கல்லுக்கு வெவ்வேறாக அமையும். நகையில் பதித்த கல்லின் எடையோ அளவுகளைக் கொண்டு கணிக்கப்படுவதே. துல்லியம் வேண்டுமெனில் கல்லைக் கழற்றியாக வேண்டும். பரம்பரை மோதிரத்துடன் வெளியூர் மதிப்பீட்டாளரிடம் செல்வோர் முதலில் கேட்க வேண்டியது, 'எந்த நோக்கத்துக்கான விலை?' என்பதுதான். குற்றங்களைப் பெயரிட்டுப் பிரிக்கும் அறிவு நமக்குப் பழையது: காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை வைரக் குற்றங்களை வகுக்கிறது.

விற்காத தரியா-இ-நூர் கல்கத்தா திரும்பி, ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டணத்தில் ஹாமில்டன் நிறுவனத்தின் காவலில் இருந்தது. பிரிவினைக்குப் பின் டாக்காவின் வங்கிப் பெட்டகத்துக்கு மாறியது; இப்போது சோனாலி வங்கியின் பொறுப்பு. முத்திரையிட்ட பொதியைத் திறந்து பார்க்க 2025இல் வங்கதேச அரசு ஒரு குழுவை அமைத்தது. நிறம், தெளிவு, விலை எல்லாவற்றுக்கும் முன்பாக அக்குழுவின் எதிரே நின்ற கேள்வி, பொதிக்குள் கல் இருக்கிறதா என்பது.